நீலத்தை ஊதாவாக்கிய கடலுப்பு

அவுரி நீலத்தை நம் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இங்கே சாயமேற்றிய 'கினே' துணி கப்பலேறி செனெகல் வரை போயிற்று. ரோமப் பேரரசர்கள் உடுத்திய ஊதாச் சாயம் அந்த நீலத்துக்கு நெருங்கிய உறவு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அந்த ஊதா, மத்தியதரைக் கடல் நத்தைகளிலிருந்து கிடைத்தது. 1909-இல் பால் ஃப்ரீட்லெண்டர் என்ற வேதியியலார் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயம் எடுத்து ஆராய்ந்தார். பார்த்தால், அவுரி நீலத்தின் அதே மூலக்கூறு! கூடுதலாக இரண்டு புரோமின் அணுக்கள், அவ்வளவே.

கடல்நீரில் புரோமின் உப்பாகவே கரைந்திருக்கிறது. உப்பாக இருக்கும்வரை அது சாது. பென்சீன் வளையத்தில் போய் ஒட்டாது. அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க ஓர் ஆக்ஸிஜனேற்றி வேண்டும்.

இதை மனிதர் கையில் நடத்திக் காட்டியவர் பிரான்சின் மோன்பெலியே நகரத்து அந்த்வான் பலார். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு வாரிய பிறகு கசப்பு நீர் மிஞ்சும். பிரெஞ்சில் அதற்கு 'ஓ மேர்', அதாவது தாய்நீர் என்று பெயர். அந்த நீரில் பலார் குளோரினைச் சேர்த்தார். மஞ்சள் நிறம் எழுந்தது. அதைப் பிரித்துப் பொட்டாசுடன் சேர்த்து உப்பாக்கி, மாங்கனீசு டை ஆக்சைடும் கந்தக அமிலமும் கலந்து வடித்தார். சிவந்த திரவம் சொட்டியது. 1826-இல் அவர் அதைப் புதிய தனிமம் என்று அறிவித்தபோது வயது 23.

ஜெர்மனியின் பேரறிஞர் லீபிக் கையில் அதே திரவம் முன்பே இருந்தது. அயோடின் குளோரைடு என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டார். பெயர் பெற்றவர் கோட்டைவிட்டதை ஆய்வுக்கூட உதவியாளர் பிடித்தார். பலார் வைத்த பெயர் 'முரீது'. அகாதெமியோ நாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ப்ரோம்' என்று மாற்றியது. பள்ளியில் எங்கள் காதில் விழுந்ததும் அந்த 'ப்ரோம்'தான்.

புரோமின் தோலைச் சுடும், நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே அதைக் கையாளாமல், சோடியம் புரோமைடு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அமிலத்தில் சேர்த்து, வேண்டிய அளவை அந்த இடத்திலேயே உண்டாக்கி வளையத்தில் ஏற்றும் முறையும் இன்று உண்டு. நத்தையின் சுரப்பியிலுள்ள நொதியும் புரோமைடை இப்படி ஆக்ஸிஜனேற்றித்தான் வளையத்தில் சேர்க்கிறது. ஆய்வுக்கூடம் அங்கே வந்துசேர மனிதருக்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.