ஓடிச் சேர்க்கும் காசு

சமயபுரத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் உடுத்தி, வீடுவீடாகச் சென்று மடிப்பிச்சை ஏற்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். ஏற்பவர் ஏழையாக இருக்க வேண்டுவதில்லை. பெட்டியைத் திறந்து காணிக்கை எடுக்க வல்லவரும் அன்று மடியேந்தி நிற்பார். பலர் கால்நடையாகவே கோயிலை அடைவர்.

இந்நாளில் ஒருவர் தம் நண்பர்களிடம், "நான் அரை மராத்தான் ஓடப் போகிறேன், நீங்கள் இன்ன மருத்துவ நிலையத்திற்குப் பணம் தாருங்கள்" என்று கேட்கிறார். ஓட்டத்திற்கும் பணத்திற்கும் என்ன தொடர்பு? ஓடாமலே கொடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. மடிப்பிச்சையை அறிந்த நமக்கு இதற்கு விடை காண்பது கடினமன்று. கேட்பவன் தன் உடலை வருத்திக்கொள்ளும்போது கொடுப்பவனுக்கு நம்பிக்கை பிறக்கிறது.

திருவனந்தபுரம் இதனை முன்பே கண்ட நகரம். வைக்கம் கோயிலைச் சூழ்ந்த தெருக்கள் எல்லாச் சாதியினருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று 1924 நவம்பரில் மேல்சாதியினர் இரு அணிகளாக இந்நகரை நோக்கி நடந்தனர். வடக்கே வைக்கத்திலிருந்து வந்த அணிக்கு மன்னத்து பத்மநாபன் தலைவர். தெற்கே நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அணியை நடத்தியவர் டாக்டர் எம்பெருமாள் நாயுடு. ஏறத்தாழ 25,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாயிடம் அளிக்கப்பட்டது. பிறர் நலத்திற்காக நடந்தவர்கள் அவர்கள். தங்களுக்கு அத்தெருக்கள் ஏற்கெனவே திறந்தே இருந்தன. ஆயினும் 1925 பிப்ரவரியில் சட்டசபையில் அத்தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. நடந்த கால்களுக்கு உடனே பலன் கிட்டிவிடும் என்று வரலாறு உறுதி சொல்வதில்லை.

1934 ஜனவரியில் காந்தியடிகள் அரிஜன நிதிக்காகத் திருவிதாங்கூரில் சுற்றினார். கையொப்பத்திற்கு ஐந்து ரூபாய் வாங்கினார். தமக்கு அளித்த பரிசுகளை மேடையிலேயே ஏலம் விட்டார். அவர் கேட்பதில் கூச்சப்படாதவர். அவ்வாண்டு மே மாதம் ஒரிசாவில் ரயிலையும் மோட்டாரையும் விட்டு, ஊர் ஊராக நடக்கலானார். அச்சுற்றுப்பயணத்தில் திரண்ட தொகை ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய்.

நடை ஓட்டமாக மாறியதை அறியக் கனடாவுக்குச் செல்ல வேண்டும். புற்றுநோயால் 1977இல் வலக்காலை இழந்த டெரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலுடன் நாட்டின் கீழ்க்கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாள்தோறும் ஒரு மராத்தான் தூரம் ஓடுவது அவர் வைத்துக்கொண்ட கணக்கு. கனேடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்று கேட்டார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின் நோய் நுரையீரலில் பரவியதை அறிந்து நிறுத்தினார். மறு பிப்ரவரிக்குள் இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அவர் கேட்ட கணக்கு நிறைவேறிற்று. 1981 ஜூனில், 22 வயதில், காலமானார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பெயரால் தொடங்கிய ஓட்டம் பல நாடுகளுக்குப் பரவி, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திற்கும் வந்து சேர்ந்தது.

லண்டன் மராத்தான் தொடங்கியதும் 1981இல்தான். மும்பை மராத்தான் 2004இல் தொடங்கிற்று. மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர், தொண்டு நிலையத்தின் பெயரை மார்பில் தாங்கி ஓடுவோரைப் பார்த்திருக்கக்கூடும். மராத்தானின் 42.195 கிலோமீட்டர் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அரச குடும்பத்தினரின் இருக்கைக்கு எதிரே ஓட்டம் முடிய வேண்டும் என்பதற்காக அமைந்த தூரம். அதன் பாதிக்கு நாம் உடலை வருத்துகிறோம்! எனினும் இந்தப் பாதித் தூரம் அலுவலகம் செல்வோருக்கு ஏற்றது. சில மாதப் பயிற்சியில் எட்டக்கூடியது, எளிதென்றும் சொல்ல முடியாதது.

திருவனந்தபுரத்தில் இத்தகைய ஓட்டத்திற்கு நோக்கம் தேட வேண்டியதில்லை. 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையத்திற்குக் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து தமிழர் பலர் வருகின்றனர். டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003இல் நிறுவிய பாலியம் இந்தியா, குணப்படுத்த இயலாத நோயின் வலியைத் தணிப்பதையே தொண்டாகக் கொண்டது. இத்தகைய பணி நன்கொடையை நம்பி நடப்பது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓட்டத்தில் சேரச் செலுத்தும் கட்டணம் பெரும்பாலும் பாதைக்கும் தண்ணீருக்கும் முதலுதவிக்கும் பனியனுக்குமே சென்றுவிடும். அதனைத் தருமம் என்று எண்ணிக்கொள்வது பிழை. நண்பர்கள் தரும் பணம் வேறு. அது நேரே நிலையத்திற்குச் சென்று, ரசீதும் அவர்கள் பெயருக்கே வருவது நல்லது. மடிப்பிச்சை ஏற்றவர் அதனை வீட்டுச் செலவில் சேர்ப்பதில்லை அன்றோ?

கடற்கரை ஊராதலால் திருவனந்தபுரத்தில் புழுக்கம் மிகுதி. பொழுது புலர்வதற்கு முன்பே ஓடத் தொடங்குவது அங்கே அறிவுடைமை. அதே வேளையில்தான் நாகர்கோவில் பக்கத்து நோயாளிகள், உடன் ஒரு துணையும் கையில் ஒரு பையுமாக, மருத்துவமனைக்குச் செல்லும் விடியற்காலைப் பேருந்தில் ஏறுகின்றனர்.