மண் பாக்டீரியாவும் பூச்செடிகளும்

பூச்செடிகளிலும் அலங்காரச் செடிகளிலும் புதிய நிறம், குள்ள உருவம் முதலிய பண்புகளைக் கொண்டுவர, மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவைப் பயன்படுத்தும் முறை பற்றியது இக்கட்டுரை. செடியின் காயம் வழியே நுழைந்து, தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் செலுத்திவிடும் ஆற்றல் இந்தப் பாக்டீரியாவுக்கு இயல்பிலேயே உண்டு. நிலக்கடலை விதையோடு உழவர்கள் கலக்கும் ரைசோபியம் உயிர் உரத்துக்கு இது உறவு.

மோகனூர், பரமத்தி வேலூர் வட்டாரத்தின் காவிரிக் கரைத் தோட்டங்களில் குண்டுமல்லி, முல்லை, அரளி, சம்பங்கி, செவ்வந்தி எல்லாம் விளைகின்றன; பறித்த பூ பரமத்தி வேலூர் ஏலச் சந்தைக்குப் போகிறது. இவற்றில் குண்டுமல்லி விதை பிடிப்பது மிக அரிது. ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து தமிழ்நாடெங்கும் போகும் மல்லி நாற்று உண்மையில் வேர்விட்ட குச்சிதான். அரளியையும் குச்சி வைத்தே பெருக்குகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குச்சியிலிருந்து குச்சி என்று வரும் செடி தாய்ச்செடியின் நகல். விதை இல்லாத இடத்தில் இரண்டு ரகங்களைக் கலந்து மூன்றாவதை எடுக்கும் பழைய வழி அடைபட்டுப் போகிறது. மரபணுவை நேரடியாகச் செடிக்குள் கொண்டுபோகும் இந்தப் பாக்டீரியாவின் கதை மல்லித் தோட்டக்காரர்களுக்கு முக்கியமாவது இதனால்தான்.

கதை ஒரு நோயில் தொடங்குகிறது. திராட்சை, ரோஜா போன்றவற்றின் தண்டும் வேரும் சேருமிடத்தில் கழலை கழலையாகப் புடைக்கும் நோயை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். 1897இல் இத்தாலியில் கவாரா திராட்சைக் கழலையிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தார். 1907இல் அமெரிக்காவில் எர்வின் ஸ்மித்தும் சார்லஸ் டவுன்செண்டும் அதே நோய்க்கான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டது பாரிஸ் டெய்சி என்ற தோட்டப் பூச்செடியிலிருந்து. அன்றைய வகைப்பாட்டில் அது செவ்வந்திப் பேரினத்தைச் சேர்ந்தது.

அடுத்த திருப்பத்துக்குக் காரணமானது நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி. பாக்டீரியா செத்த பிறகும் கழலை வளருமா என்பது 1940களில் ஆர்மின் பிரவுன் எழுப்பிய கேள்வி. அதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் சூட்டைத் தாங்கிப் பிழைக்கும் செடி வேண்டும். ஏறக்குறைய 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தும் நித்தியகல்யாணி பிழைத்தது, பாக்டீரியா மடிந்தது, கழலையோ நிற்காமல் வளர்ந்தது. பாக்டீரியா எதையோ செடிக்குள் விட்டுப் போயிருக்கிறது என்று பிரவுன் முடிவுசெய்தார். பங்குனி வெயிலிலும் வாடாத அந்தச் செடியைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சோதனையை நினைத்துக்கொள்ளலாம்.

விட்டுப் போனது என்ன என்று தெரிய இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1974இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஜெஃப் ஷெல், மார்க் வான் மொண்டகு குழுவினர் கழலை உண்டாக்கும் பாக்டீரியாவில் பிளாஸ்மிட் எனப்படும் பெரியதொரு மரபணு வளையத்தைக் கண்டார்கள். அதன் ஒரு துண்டு செடியின் மரபணுவோடு இணைந்திருப்பதை 1977இல் மேரி டெல் சில்டனும் உடன் பணியாற்றியோரும் காட்டினார்கள். அடிபட்ட செடி கசியவிடும் ஒரு வேதிப்பொருளை மோப்பம் பிடித்து பாக்டீரியா விழித்துக்கொள்கிறது. அது அனுப்பும் துண்டு செடியின் வளர்ச்சி ஹார்மோன்களைப் பெருக்கி, பாக்டீரியாவுக்கு மட்டுமே பயன்படும் உணவையும் அங்கே சமைக்க வைக்கிறது. இந்தத் துண்டு எப்படி வெட்டியெடுக்கப்படுகிறது என்ற ஆய்வில் ஒரு தமிழ்நாட்டு அறிவியலாளருக்கும் பங்குண்டு. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கு. வேலுத்தம்பி, ஸ்டாண்டன் கெல்வினுடன் அமெரிக்காவில் செய்த ஆய்வு 1988இல் வெளியானது.

கழலை மரபணுக்களை நீக்கிவிட்டு வேண்டிய மரபணுவை அந்த இடத்தில் வைத்தால் பாக்டீரியா அதையும் சுமந்து செல்லும். 1983இல் இது கைகூடியது. 1985இல் ராபர்ட் ஹார்ஷ் குழு, இலையை வட்ட வட்டமாக வெட்டிப் பாக்டீரியாக் கரைசலில் நனைத்து, திசு வளர்ப்பில் செடியாக்கும் எளிய முறையை வெளியிட்டது. அவர்கள் கையாண்ட மூன்று செடிகளில் பெட்டூனியா என்ற பூச்செடியும் ஒன்று. 1990இல் அதே பெட்டூனியாவின் ஊதாவை ஆழமாக்க ரிச்சர்ட் ஜோர்கன்சன் குழு நிற மரபணுவின் இன்னொரு படியைச் சேர்த்தது. சில செடிகளில் பூ வெள்ளை வெளேரென்று வந்தது. மரபணுக்கள் தம்மையே அடக்கிக்கொள்ளும் இயல்பை வெளிக்காட்டிய அந்தத் தோல்வி, என் பார்வையில், பல வெற்றிகளைவிடப் பெரியது.

வணிகம் நாடியது நீலத்தை. கார்னேஷன், ரோஜா, செவ்வந்தி மூன்றிலும் டெல்பினிடின் என்ற நிறமியை உண்டாக்கும் திறன் இல்லை. ஆகவே எத்தனை தலைமுறை கலந்தாலும் அவற்றில் நீலம் பிறக்காது. ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீன் நிறுவனமும் ஜப்பானின் சன்டோரியும் பெட்டூனியா மரபணுவைக் கார்னேஷனில் ஏற்றி, 1996இல் 'மூன்டஸ்ட்' என்ற இளம் ஊதா ரகத்தை விற்பனைக்கு விட்டன. மரபணு மாற்றப்பட்டுக் கடைக்கு வந்த முதல் கொய்மலர் வகை அது. பான்சி மரபணு ஏற்றிய 'அப்ளாஸ்' ரோஜா 2009இல் ஜப்பானில் விற்பனையானது. நீலம் என்று பெயர், நிறமோ கத்தரிப்பூ. உண்மையான நீலம் 2017இல் ஜப்பானிய ஆய்வாளர் நவோனோபு நோடாவின் குழுவுக்கு செவ்வந்தியில் கிட்டியது. கம்பானுலா செடியின் ஒரு மரபணுவுடன் அவர்கள் சேர்த்த இரண்டாவது மரபணு, வேலியோரம் படரும் நம் சங்குப்பூவினுடையது.

இதே பாக்டீரியாக் குடும்பத்தில் ரைசோஜீன்ஸ் என்ற இனம் கழலைக்குப் பதில் கற்றை கற்றையாக வேர்களை முளைக்கச் செய்யும். அந்த வேரிலிருந்து மீண்டும் செடி எழுப்பினால் கணு நெருங்கி, இலை சுருங்கி, குட்டையாக வளரும். தொட்டிச் செடிக்கு இது வரம். டென்மார்க்கில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ரெனாட்டே முல்லர் குழு, ரணகள்ளியின் உறவான கலாஞ்சோ செடியில் இதைச் செய்து 2008இல் வெளியிட்டது. செடியைக் குட்டையாக்க நர்சரிகள் தெளிக்கும் வளர்ச்சித் தடுப்பு மருந்தைக் குறைப்பதே நோக்கம். ஆய்வகத்தில் எந்த மரபணுவையும் ஒட்டாமல், காட்டுப் பாக்டீரியாவையே அப்படியே பயன்படுத்துவது இதன் சிறப்பு. இயற்கையும் இதைச் செய்திருக்கிறது: நாம் அவித்துத் தின்னும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தன்னுள் இந்தக் குடும்பத்தின் மரபணுக்களைச் சுமக்கிறது என்று 2015இல் தெரியவந்தது.

இந்தியாவில் மரபணு மாற்றுச் செடிகள் 1989ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டவை. 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியின் முதல் மரபணுவும் அக்ரோபாக்டீரியம் வழியே ஏற்றப்பட்டதுதான். திருச்செங்கோடு ஏலத்துக்கு மூட்டை மூட்டையாகப் பருத்தி வரும் இந்தப் பக்கத்து மண்ணுக்கு அது புதிதல்ல. ஆனால் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பூச்செடி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. வேற்று மரபணு சேராத சிலவகை மரபணுத் திருத்தச் செடிகளுக்கு 2022இல் விலக்கு அளிக்கப்பட்டது. அத்திருத்தத்துக்கான கருவியைச் செடிக்குள் கொண்டுசெல்லவும் இதே பாக்டீரியாவைப் பயன்படுத்தலாம். 2017இல் ஜப்பானில் ஊதாக் காலைமலர்க் கொடியை வெள்ளையாகப் பூக்க வைத்தது அவ்வாறுதான்.

குண்டுமல்லிக்கு மொட்டுப்புழுவைத் தாங்கும் திறனும், பறித்த மொட்டு சந்தை சேரும் வரை விரியாதிருக்கும் பண்பும் வேண்டும். இவற்றுக்கான மரபணுவைப் பாக்டீரியா கொடுத்தாலும், அதை வாங்கிய ஒற்றை உயிரணு முழுச் செடியாக எழுந்தாக வேண்டும். பெட்டூனியாவின் இலைத்துண்டு சில வாரங்களில் தளிர்விடுகிறது. கட்டைத்தண்டுச் செடியான மல்லி திசு வளர்ப்புக்கு அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. மோகனூர்த் தோட்டங்களில் இன்னும் குச்சிதான் நடுகிறார்கள்.