நம் கொடி: ஏற்றிய கதையும் மடிக்கும் முறையும்



திங்கட்கிழமை காலையில் பள்ளித் திடலில் கொடி ஏறுகிறது. நெகாராகூ பாடுகிறோம். அனைவருடைய கண்களும் கொடியின் மேல் இருக்கின்றன. பள்ளி முடிந்த பிறகு அதே கொடியை இறக்கி மடித்து வைக்கிறார்களே, அதை யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்க ஆள் இல்லாத வேலையில்தான் ஒருவருடைய மரியாதை எவ்வளவு என்பது தெரியும். ஆகவேதான் இவ்வாண்டு பரிசளிப்பு விழா மலரில் கொடியை மடிப்பது பற்றி எழுத முன்வந்தேன். மடிக்கும் முறையை மட்டும் சொன்னால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். எதை மடிக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் அதன் வரலாற்றையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரிய வாத்தியார் கற்றுக்கொடுத்த பாடம்

1969ஆம் ஆண்டில் நான் ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கொடி இறக்கும் வேலை எனக்கும், எங்கள் லயத்தில் அடுத்த வீட்டுப் பையனுக்கும் கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் ஒரு நாள் கொடியைச் சுருட்டி அலமாரிக்குள் திணித்துவிட்டோம். பெரிய வாத்தியார் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தோம். அடிக்கவில்லை.

“ஏன்டா, பழந்துணி மாதிரி சுருட்டி வச்சா நாளைக்கு ஏத்துறவனுக்கு எது மேல், எது கீழ்னு எப்படித் தெரியும்? இன்னைக்கு ஒழுங்கா மடிச்சாத்தான் நாளைக்கு ஒழுங்கா ஏறும்” என்றார். பிறகு எங்கள் இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்து மடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த முறையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம் மலாக்காவில் ஏறி இறங்கிய கொடிகளைப் பார்ப்போம்.

மலாக்காவில் ஏறி இறங்கிய கொடிகள்

நம் மாநிலம் சிறியது. ஆனால் இது கண்ட கொடிகள் பல. சுல்தான்கள் ஆண்ட மலாக்காவை 1511இல் போர்த்துக்கீசியர் பிடித்தனர். 1641இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1818இல் டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தனர். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி மறுபடியும் பெற்றுக்கொண்டனர். 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் வந்தான். 1945இல் அவன் போக, மறுபடியும் ஆங்கிலேயக் கொடி ஏறியது. இத்தனை கொடிகளில் எந்த ஒன்றையும் இங்கு வாழ்ந்த மக்களைக் கேட்டு யாரும் ஏற்றவில்லை என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோரின் கதை என்ன? 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்னும் சீன வணிகர் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. மலாயாவில் வாணிப முறையில் கித்தா மரம் வேர்விட்டது நம் மாநிலத்தில்தான். கித்தாக் காடுகள் பெருகப் பெருக, தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்றனர், மரம் சீவினர், பால் சுமந்தனர். அவர்கள் தலைக்கு மேல் பறந்த கொடி யூனியன் ஜாக். அதை அவர்கள் தம்முடையது என்று எண்ணியிருக்கவே முடியாது.

1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள். பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி தூக்கின. தோட்டத்துத் தமிழர் பலர் தாமாக விரும்பி ஒரு கொடியின் கீழ் அணிவகுத்து நின்றது அப்போதுதான். அந்த மூவண்ணக் கொடி இந்தியாவின் விடுதலைக்காக ஏறியது. மலாயாவுக்கென்று ஒரு கொடி அப்போது இன்னும் பிறக்கவில்லை.

நம் கொடி பிறந்த கதை

1949ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசுக்குக் கொடி வரையும் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. 373 வரைபடங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மூன்று பொறுக்கி எடுக்கப்பட்டு, ‘மலாய் மெயில்’ பத்திரிகை வாயிலாக மக்களின் கருத்துக் கேட்கப்பட்டது. மக்கள் அதிகமாக விரும்பியது ஜொகூர் பொதுப்பணி இலாகாவில் கட்டட வரைஞராக வேலை பார்த்த முகமது பின் ஹம்சா வரைந்த கொடியை. முதலில் அதிலிருந்த 5 முனை நட்சத்திரம், 11 மாநிலங்களைக் குறிக்கும் 11 முனை நட்சத்திரமாக மாற்றப்பட்டது. 1950 மே 26இல் அக்கொடி கோலாலம்பூரில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. கேளாமலே ஏறிய கொடிகளைக் கண்ட நாட்டில், கேட்டு ஏற்றிய கொடி இது.

ஆயினும் அதற்கு மேலே ஆங்கிலேயர் ஆட்சி இருந்துகொண்டுதான் இருந்தது. 1956 பிப்ரவரி 8இல் இலண்டனில் சுதந்திர உடன்பாட்டில் கையெழுத்திட்டுத் திரும்பிய துங்கு அப்துல் ரஹ்மான், அந்த நல்ல செய்தியைச் சொல்லத் தேர்ந்தெடுத்த ஊர் நம் மலாக்கா. பிப்ரவரி 20ஆம் நாள் பண்டார் ஹீலிரில் உள்ள பாடாங் பாலாவான் திடலில், கூடியிருந்த பெருங்கூட்டத்தின் முன், 1957 ஆகஸ்டு 31இல் சுதந்திரம் என்று அறிவித்தார். அங்கே பழைய மலாக்கா கிளப் கட்டடம் 1985 முதல் சுதந்திரப் பிரகடன நினைவகமாக விளங்குகிறது. பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அறிவித்தபடியே 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் கோலாலம்பூரில் யூனியன் ஜாக் இறங்கியது; நம் கொடி ஏறியது. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானபோது கோடுகளும் நட்சத்திர முனைகளும் 14 ஆயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்த பின்னும் 14 அப்படியே இருந்தது. இன்று அது 13 மாநிலங்களையும் கூட்டரசு அரசாங்கத்தையும் குறிக்கிறது. நீலம் மக்கள் ஒற்றுமை, சிவப்பு வீரம், வெள்ளை தூய்மை, மஞ்சள் மன்னர்களின் நிறம். 1997இல் ‘ஜாலூர் கெமிலாங்’, அதாவது ‘ஒளிமிகு கோடுகள்’ என்ற பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. வரைந்த முகமது ஹம்சா அந்தப் பெயரைக் கேட்க இல்லை. அவர் 1993இல் காலமாகிவிட்டார்.

மடிக்க ஆள் இல்லாத வாரம்

கொடி கிடைத்துவிட்டது. அதன் கீழ் நிற்கும் உரிமை எல்லாருக்கும் கிடைத்ததா? இங்கேதான் தோட்டத்து மக்களின் கதை வருகிறது.

1957 சுதந்திர நாளிலும் அதை அடுத்த சில ஆண்டுகளிலும் இங்கு பிறந்த குழந்தைகள் சட்டப்படி குடிமக்கள் ஆயினர். முன்பே பிறந்தவர்களில் பலரும், இந்தியாவிலிருந்து வந்தவர்களும் மனுச் செய்து பதிந்துகொள்ள வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் பதிந்துகொண்டு நீல அடையாளக் கார்டு வாங்கினார்கள். பலர் வாங்கவில்லை. டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், பாரம் எழுதத் தெரியாது, “இங்கதானே இருக்கோம், நம்மை யாரு என்ன கேட்கப் போறாங்க?” என்ற எண்ணம் வேறு. அவர்கள் கையில் சிவப்பு கார்டு மட்டுமே இருந்தது.

குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்று 1968இல் சட்டம் வந்தது. 1969இல் அது நடைமுறைக்கு வந்தபோது தோட்டங்கள் கலங்கின. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள்.

அவர்களில் என்னோடு கொடி மடித்த பையனின் குடும்பமும் ஒன்று. அவன் என் வயதுக்காரன். 1958இல் இதே தோட்டத்தில் பிறந்தவன். இந்த நாட்டுக் குடிமகன். ஆனால் அவன் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சிவப்பு கார்டு. பெற்றவர்கள் போகும்போது பிள்ளை மட்டும் எப்படி இருக்கும்? 1970இல் அவர்கள் ரஜூலா கப்பலேறப் புறப்பட்டார்கள். லயத்து வாசலில் லாரி நின்றது. அவன் தாத்தா கித்தா மரங்களையே பார்த்துக்கொண்டு, “நாப்பது வருசம் சீவினேன். ஒரு நாள் லீவு போட்டு அந்தப் பாரத்தை எழுதியிருக்கலாம்” என்றார். அந்தச் சொல் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

அடுத்த வாரம் நான் தனியாகக் கொடியை இறக்கினேன். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை தரையைத் தொடப் பார்க்கிறது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பெரிய வாத்தியார் அலுவலகத்திலிருந்து இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. எதிரே நின்று மறு முனையைத் தாமே பிடித்தார். இருவருமாக மடித்தோம்.

மடிக்கும் முறை

மாணவர்களே, இனி அவர் கற்றுக்கொடுத்த முறையைக் கேளுங்கள். இதற்கு இருவர் வேண்டும். கை சுத்தமாக இருக்கட்டும். கொடி நனைந்திருந்தால் நிழலில் உலர்த்திய பிறகே மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும்.

முதலாவது, கயிற்றை மெதுவாக விட்டுக் கொடியை இறக்குங்கள். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் கொடியைக் கைகளில் ஏந்திக்கொள்ள வேண்டும். தரையில் படக்கூடாது.

இரண்டாவது, கயிற்றிலிருந்து கழற்றி, ஒருவர் கம்பத்துப் பக்கத்து ஓரத்தையும் மற்றவர் பறக்கும் பக்கத்து ஓரத்தையும் பிடித்து, இடுப்பு உயரத்தில் தொய்வில்லாமல் விரியுங்கள். நீலக் கட்டம் மேல் முகமாக இருக்கட்டும்.

மூன்றாவது, கீழ்ப்பாதியை அடிப்பக்கமாக மடித்து, நீளவாக்கில் இரண்டாக ஆக்குங்கள். அதே போல் இன்னொரு முறை மடியுங்கள். இப்போது கொடி ஒரு நீண்ட பட்டையாக இருக்கும். நீலம் வெளியே தெரியும்.

நான்காவது, பறக்கும் பக்கத்தைப் பிடித்தவர் அதை அடிவழியாகக் கம்பத்துப் பக்கத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். நீலக் கட்டம் கொடியின் நீளத்தில் சரிபாதி. ஆகையால் கோடுகள் எல்லாம் அடியில் போய்விடும். நீலமும் பிறை நட்சத்திரத்தின் ஒரு பகுதியும் மேலே நிற்கும். வேண்டுமானால் இன்னும் ஒரு மடிப்பு மடிக்கலாம். கயிறு கட்டும் ஓரம் வெளியே இருக்கட்டும். பிறகு இரு உள்ளங்கைகளிலும் ஏந்திச் சென்று அதற்குரிய இடத்தில் வையுங்கள். மேலே வேறு பொருளை வைக்காதீர்கள்.

மறுநாள் ஏற்றுபவர் எளிதாகச் சரிபார்க்கலாம்: நீலம் கம்பத்தை ஒட்டி மேலே, உச்சிக் கோடு சிவப்பு, அடிக் கோடு வெள்ளை. இந்த மூன்றும் சரியானால் கொடி தலைகீழாகாது. கிழிந்து நிறம் மங்கிய கொடியைக் குப்பையில் போடாமல் மரியாதையோடு தனியே எரித்துவிட வேண்டும்.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழக்கம் உண்டு. இந்தியக் கொடியில் காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, அசோகச் சக்கரம் மேலே தெரியும்படி ஏந்திச் செல்வார்கள். அமெரிக்கர்கள் 13 மடிப்பில் முக்கோணமாக மடிப்பார்கள். வடிவம் வேறு, மதிப்பு ஒன்றே.

பெற்றோருக்கு ஒரு சொல்

2025 ஏப்ரல் முதல் நம் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் கொடிச் சின்னம் அணிந்து வருகிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. அந்தச் சின்னத்தை அணியும் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா, 12 வயதில் அடையாளக் கார்டு எடுத்தாயிற்றா என்று பாருங்கள். பத்திரம் இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. தெரியாதவருக்குத் தெரிந்தவர் பாரம் எழுதிக் கொடுங்கள். அலுவலகத்திற்குத் துணைக்குப் போங்கள். ஒரு நாள் கூலி போனால் போகட்டும்.

கொடியை ஒருவர் தனியாக ஏற்றிவிடலாம். தனியாக ஒழுங்காக மடிப்பது கடினம். எதிர் முனையைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுகூட அந்த முனையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. பரிசு பெறும் மாணவர்களுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் மாணவர்களுக்கும் என் வாழ்த்துகள்.