வறுமையும் படத்தொகுப்பும்: ‘நவ்’ குறும்படம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திரைப்பட வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நெறியாளரையும் நடிகரையும் பற்றியே பேசுவர். படப்பிடிப்பு முடிந்தபின் தொகுப்பு மேசையில் நிகழும் உழைப்பு, வெறும் தொழில்நுட்ப வேலையாகவே ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின், பொருள்வளம் குன்றிய சூழல்களிற் படைப்பின் மையமே அம்மேசைக்கு இடம்பெயர்ந்துள்ளது. சந்தியாகோ அல்வாறெஸ் 1965 இல் கியூபாவில் உருவாக்கிய ‘நவ்’ (‘இப்பொழுதே’) என்னும் குறும்படத்தை ஆதாரமாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. புரட்சிக்குப் பிந்திய இரசியாவிற் படச்சுருளுக்குக் கடுந்தட்டுப்பாடு நிலவியபோது, லெவ் குலெஷோவ் பழைய படத்துண்டுகளை இணைத்துப் பரிசோதனைகள் செய்தார். 1927 இல் எஸ்ஃபிர் ஷுப், ஜார் மன்னனின் குடும்பப் படங்களையும் பழைய செய்திப்படங்களையும் கொண்டு ‘றொமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’யைத் தொகுத்தார். அரண்மனையின் பெருமைக்கென எடுக்கப்பட்ட காட்சிகள், உழைப்போரின் காட்சிகளுக்கு அருகே வைக்கப்பட்டதும், அவ்வரண்மனைக்கே எதிரான சாட்சியங்களாயின.

கியூபாவின் நிலைமையும் இதனை ஒத்ததே. 1959 மார்ச்சில் அரச திரைப்பட நிறுவனம் தோன்றியது. 1960 இல் அதன் செய்திப்படங்கள் அல்வாறெஸின் பொறுப்பில் வெளிவரத் தொடங்கின. 1962 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா முழு வர்த்தகத் தடை விதித்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைப் படமாக்க விரும்பிய அல்வாறெஸிடம் அங்கு எடுத்த சொந்தக் காட்சிகள் இருக்கவில்லை. அமெரிக்கச் சஞ்சிகைகளில் வெளியான நிழற்படங்களும் பிறர் எடுத்த செய்திப்படத் துண்டுகளுமே அவரது மூலப்பொருள்களாயின. எனினும் இப்பொருள் அவருக்கு அந்நியமானதன்று. 1930களின் இறுதியில் அந்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளியாக வாழ்ந்து நிறவேற்றுமையை நேரிற் கண்டவர் அவர்.

ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் இப்படத்தில் விவரணக் குரல் இல்லை. லீனா ஹோர்ன் பாடிய பாடலே அதன் முதுகெலும்பு. அசையா நிழற்படத்தின்மேற் கமரா நகர்ந்து, முகத்தையும் கையையும் குண்டாந்தடியையும் தனித்தனியே பிரித்தெடுக்கின்றது. பாடலின் வேகம் ஏற ஏற வெட்டுக்களும் விரைவுபடுகின்றன. இறுதியிற் சுடப்படும் குண்டுகளின் துளைகளே படத்தின் தலைப்பை எழுதுகின்றன. முன்னர் தொலைக்காட்சி நிலையமொன்றின் இசைக் களஞ்சியத்திற் பணியாற்றியவர் அல்வாறெஸ் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இவற்றைக் கொண்டு வறுமையே கலையைத் தோற்றுவிக்கும் என முடிவுகட்டுதல் தவறாகும். படச்சுருள் அரிதாயிருந்தபோதும் தொகுப்புக்கருவியும் நிழற்படங்களைப் படமாக்கும் வசதியும், அவற்றை இயக்கும் ஊழியரும் அங்கிருந்தனர். நிறுவன ஆதரவற்ற வறுமை படைப்பாளியை ஊமையாக்குவதே வழமை.

மற்றொரு வினாவும் எழுகின்றது. தடியடி பட்டவர் யாவர், எவ்வூரினர், எவ்வாண்டில் என்பவற்றை இப்படம் தனித்தனியே கூறுவதில்லை. தனிமனிதரின் வேதனை ஒரு மக்கட்கூட்டத்தின் குறியீடாக மாறுகின்றது. கிளர்ச்சிக்கு அது வலிமையளிக்கலாம்; வரலாற்று மாணவராகிய நாம் அவ்விழப்பையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். ஜாரின் காட்சிகளை அவனுக்கெதிராகத் திருப்பிய அதே கத்தரிக்கோல், எவருடைய காட்சியையும் எவருக்கெதிராகவும் திருப்பவல்லது. ஆதலின், துண்டுகளைப் பொறுக்கி இணைப்போர் அவை எங்கிருந்து வந்தன என்பதையும் பதிந்துவைத்தல் கடனாகும். சிக்கனத்தின் பெயரால் முதலிற் கைவிடப்படுவது பெரும்பாலும் அக்குறிப்பேடே.