பின்னோக்கிப் பாய்ந்த சட்டம்

1962 ஜனவரி 27 இரவு, கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்க்க ஒரு திட்டம் இருந்தது. வகுத்தவர்கள் பிரித்தானிய மரபில் வளர்ந்த மூத்த அதிகாரிகள். முன்னின்றவர் கர்னல் எஃப். சி. டி சேரம், ஆக்ஸ்போர்டில் படித்தவர், இலங்கைக் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர். உடனிருந்தவர்களில் கர்னல் மொரிஸ் டி மெல்லும் போலீஸ் உயரதிகாரி சி. சி. திசாநாயக்கவும் முக்கியமானவர்கள். திட்டத்தை அறிந்த ஸ்டான்லி சேனாநாயக்க என்ற போலீஸ் அதிகாரி தம் மாமனார் வழியே செய்தியை வெளிப்படுத்த, அன்றிரவே அது குலைந்தது.

அவர்களின் கசப்பு 1956இல் தொடங்கியது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றானபின், பதவி உயர்வில் மொழியும் மதமும் எடைபோடப்படுவதாக அவர்கள் கருதினர். பிடிபட்டவர்களில் சிங்களவர், தமிழர், பறங்கியர் என மூவரும் இருந்தனர், பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆயினும் மக்கள் தேர்ந்தெடுத்த அரசைத் துப்பாக்கியால் அகற்ற முயன்றதற்கு இக்கசப்பு நியாயமாகாது.

அரசு தண்டித்த விதமோ அதைவிட ஆழமான கேள்வியை எழுப்புகிறது. அந்த 24 பேருக்காகவே 1962இல் ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நடந்து முடிந்த செயலுக்கு அது பின்தேதியிட்டுப் பொருந்தியது. குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் விதித்தது. போலீஸ் காவலில் பெற்ற வாக்குமூலங்களைச் சாட்சியமாக்கியது. நீதிபதிகளை அமைச்சரே நியமிக்கலாம் என்றது. அப்படி நியமிக்கப்பட்ட நீதிபதிகளே தங்கள் நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தனர்.

பிறகு அமைந்த நீதிமன்றம் 1965இல் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அவர்களை விடுவித்தது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே சட்டமன்றம் சட்டம் செய்வது, நீதித்துறையின் வேலையைத் தானே எடுத்துக்கொள்வதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கொழும்பு கற்ற பாடம் வேறு. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. இராணுவத்தில் சிங்கள பௌத்தர்களே மிகுதியாகச் சேர்க்கப்பட்டனர். 1983இல் போர் மூண்டபோது அது ஏறத்தாழ முழுமையான சிங்களப் படையாக இருந்தது. காவலில் பெற்ற வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கும் விதி 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மீண்டும் வந்தது. இம்முறை அதைச் சந்தித்தவர்கள் கர்னல்கள் அல்லர்; பெரும்பாலும் பெயர் தெரியாத தமிழ் இளைஞர்கள். அவர்களுக்கு லண்டனுக்குச் செல்லும் வழியும் இருக்கவில்லை.