முறிந்த விலா என்புகள்: மீளுயிர்ப்பு முறையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இதயம் நின்றுபோன ஒருவரின் மார்பைக் கைகளால் அழுத்தியும், அவருடைய வாயினுள் காற்றை ஊதியும் உயிர்ப்பிக்க முனையும் முறை இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றது. சீ.பீ.ஆர். என்ற எழுத்துக்களால் பரவலாக அறியப்படும் இதனை நாம் இங்கு மீளுயிர்ப்பு என வழங்குவோம். இதன் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வெற்றிகளின் வரிசையாகவே அதனை எழுதியுள்ளனர். ஆனால், உயிரை மீட்க நீட்டப்பட்ட கை அவ்வுடலுக்கு ஊறும் விளைத்தே வந்துள்ளது. எந்த ஊறு பொறுக்கத்தக்கது, அதனை விளைக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினாக்களுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளே இவ்வரலாற்றின் போக்கைப் பெரிதும் நிர்ணயித்தன என்பது எமது கருத்து.

நீரில் மூழ்கியோரை மீட்கும் முயற்சிகளிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகின்றது. 1740இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகம் மூழ்கியோருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுமாறு பரிந்துரைத்தது. கால்வாய்களும் துறைமுகங்களும் நிறைந்த அம்ஸ்ரர்டாமில் 1767இலும், இலண்டனில் 1774இலும் இப்பணிக்கென்றே கழகங்கள் தோன்றின. அக்காலத்து முறைகள் சில இன்று நகைப்புக்கிடமாகலாம். உடலைப் பீப்பாயின்மேல் உருட்டினர். குதவழியே புகையிலைப் புகையைச் செலுத்தினர். துருத்தி கொண்டு நுரையீரலுக்குள் காற்றை ஊதினர். ஆயினும், இம்முறைகளின் தீங்கு பரிசோதனை வாயிலாகவே வெளிப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1811இல் இங்கிலாந்தின் பெஞ்சமின் புரோடி, புகையிலைச் சாறு விலங்குகளின் இதயத்தை நிறுத்தவல்லது எனக் காட்டினார். 1820களின் இறுதியில் பிரான்சின் லெரோய் டி எத்தியோல், துருத்தியால் மிகையாக ஊதப்பட்ட காற்று நுரையீரலைச் சிதைத்து விலங்கைக் கொல்லும் என நிறுவினார்.

இரண்டாவது கண்டுபிடிப்பின் விளைவு விபரீதமானது. காற்றின் அளவைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாகக் காற்றூதும் கொள்கையே புறக்கணிக்கப்பட்டது. கைகளை உயர்த்தித் தாழ்த்தும் சில்வெஸ்ரரின் முறை (1858), முதுகை அழுத்தும் ஷேஃபரின் முறை (1903) முதலியவை ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேறின. இவை அதிகம் ஊறு செய்யவில்லை. அதிகம் காற்றையும் உட்செலுத்தவில்லை. 1950களில் எலாம், சேஃபர் ஆகிய வைத்தியர்கள் வாயோடு வாய் ஊதுவதே மேலானது என ஐயந்திரிபற நிறுவும்வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இவ்வாறு கழிந்தது. ஊறு பற்றிய அச்சத்துக்கும் விலை உண்டு என்பதை இந்நூற்றாண்டு காட்டுகின்றது.

இதயத்தைப் பொறுத்தவரை நிகழ்ந்தது வேறு. குளோரோபோம் மயக்கத்தில் இதயம் நின்றுபோவது 19ஆம் நூற்றாண்டுச் சத்திரசிகிச்சைக் கூடங்களின் பெரும் அச்சமாக இருந்தது. ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் பிரெடரிக் மாஸ் என்பார் மார்பை வெளியிலிருந்து விரைந்து அழுத்தி நோயாளரை மீட்டதை 1892இல் எழுதினார். எவரும் அதனைப் பின்தொடரவில்லை. மாறாக, 1901இல் நோர்வேயின் துரொம்சோ நகரில் இகெல்ஸ்ருட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் மார்பைத் திறந்து இதயத்தையே கையாற் பிசைந்து ஒரு பெண்ணை உயிர்ப்பித்தார். அடுத்து வந்த அரை நூற்றாண்டுக்கு இதுவே முறையாயிற்று. மார்பைப் பிளப்பதைவிடப் பெரிய காயம் வேறென்ன? எனினும், அது நிபுணரின் கத்தி விளைத்த காயமாதலால் எவரும் அதனைத் தீங்கெனக் கொள்ளவில்லை. மாஸின் முறை மறக்கப்பட்டமைக்கு இம்மனப்பாங்கும் ஒரு காரணம் எனலாம்.

வெளியழுத்த முறை மீண்டும் தோன்றிய சூழல் தனியே நோக்கத்தக்கது. மின்சாரம் பரவப் பரவ, மின்கம்பிகளில் வேலைசெய்த தொழிலாளர் மின்தாக்கி இறப்பதும் பெருகிற்று. 1920களின் பிற்பகுதி முதல் மின்சாரக் கம்பனிகள் இதுபற்றிய ஆய்வுக்கு நிதி வழங்கின. பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவ்வாய்வை மேற்கொண்ட கௌவென்ஹோவன் வைத்தியரல்லர், மின்பொறியியலாளர். அங்கு 1958இல் நாய் ஒன்றின் மார்பில் கனமான மின்வாய்களை அழுத்தியபோது குருதியமுக்கம் உயர்வதை நிக்கர்பொக்கர் அவதானித்தார். சத்திரசிகிச்சை நிபுணர் ஜூட் அதனை மனிதருக்குப் பயன்படுத்தினார். 1960 யூலையில் மூவரும் வெளியிட்ட கட்டுரை 20 நோயாளருள் 14 பேர் பிழைத்ததாகக் கூறிற்று. இரு கைகள் இருந்தால் எவரும் எங்கும் இதனைத் தொடங்கலாம் என்பது அதன் துணிபு.

ஓரிரு ஆண்டுகளிலேயே பிரேத பரிசோதனை அறிக்கைகள் வெளிவரத் தொடங்கின. விலா என்புகளும் நெஞ்சென்பும் முறிந்திருந்தன; சிலரில் ஈரல் கிழிந்திருந்தது; முறிந்த என்பின் மச்சைக்கொழுப்பு நுரையீரற் குருதிக்குழாய்களில் அடைத்திருந்தது. இதற்கான காரணம் எளிது. நெஞ்சென்பை முள்ளந்தண்டை நோக்கி அமிழ்த்தும்போது விலா என்புகள் வில்போல் வளைகின்றன. குழந்தைகளின் விலா வளைந்து நிமிரும். முதியோரின் கசியிழையம் இறுகி என்பும் நலிந்திருப்பதால் அது முறிகின்றது. கை சற்றுக் கீழிறங்கினால் விசை ஈரலைத் தாக்கும். 2004இல் வெளியான மீளாய்வொன்று, வளர்ந்தோரில் விலா என்பு முறிவின் வீதம் ஆய்வுக்கு ஆய்வு நூற்றுக்கு 13 முதல் 97 வரை வேறுபடுவதைச் சுட்டியது. தேடும் முறைக்கேற்பக் காணப்படும் முறிவும் கூடிக் குறையும் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

எவரும் தொடங்கலாம் என்ற துணிபு இதனால் பின்தள்ளப்பட்டது. பயிற்சியற்ற கை கேடு செய்யும் என்ற அச்சம் மேலோங்கியது. 1966இல் ஐக்கிய அமெரிக்காவில் கூடிய தேசிய மாநாடு, வைத்தியத்துறை சார்ந்தோருக்கே மார்பழுத்தப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. இதயம் நின்று சில நிமிடங்களில் மூளை அழியத் தொடங்கும். பெரும்பாலோருக்கு இதயம் நிற்பதோ வீட்டிலும் வீதியிலுமே. வைத்தியர் வரும்வரை காத்திருத்தல் என்பது சாவுக்குக் காத்திருத்தலே என்பதை அறிந்தும் எட்டு ஆண்டுகள் கடந்தன. 1972இல் சியாட்டில் நகரில் லெனாட் கொப் தொடங்கிய திட்டம் இரண்டாண்டுகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பொதுமக்களைப் பயிற்றியது. 1974இல் வெளியான அமெரிக்க நியமங்கள் பொதுமக்களுக்கும் வாயிலைத் திறந்தன.

அவ்வச்சம் எவ்வளவு பொருத்தமானது? சியாட்டிலை உள்ளடக்கிய பிரதேசத்தில் தொலைபேசி வழிகாட்டலுடன் பொதுமக்கள் மார்பழுத்திய சம்பவங்கள் பற்றிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. உண்மையில் இதயம் நின்றிராத, முழு விபரம் கிடைத்த 247 பேருள் அறுவருக்கே என்பு முறிந்தது. உள்ளுறுப்புச் சேதம் எவருக்கும் இல்லை. மறுபுறம், ஆழம் கூடக் கூடத் தீங்கும் கூடுகின்றது. 2013இல் வெளியான பின்லாந்து ஆய்வில், 6 சென்ரிமீற்றருக்கு மேல் அழுத்தப்பட்ட ஆண்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் காயமுற்றிருந்தனர். 2010இல் குறைந்தது 5 சென்ரிமீற்றர் என விதித்த அமெரிக்க வழிகாட்டி, 2015இல் 6 சென்ரிமீற்றரை மேலெல்லையாக வகுத்தது.

1974ஆம் ஆண்டு நியமங்களில் அதிகம் பேசப்படாத பகுதியொன்றும் உண்டு. மீளா நோயின் இறுதியில் எதிர்பார்க்கப்பட்ட சாவை எய்துவோருக்கு இம்முறை உரியதன்று என அவை கூறின. பிழைக்கும் வாய்ப்பற்ற முதியவரின் விலாவை முறிப்பதற்கு நியாயமில்லை என்பது தெளிவு. ஆனால், வாய்ப்பில்லை என முடிவுசெய்பவர் யார்? நெடுங்காலம் வைத்தியரே முடிவுசெய்தார். நோயாளர் அறியாமலே அவருடைய கோவையில் குறிப்பு எழுதப்படுவதும் உண்டு. 2014இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், நோயாளரைக் கலந்தாலோசியாமல் அத்தகைய குறிப்பை எழுதியமை அவருடைய தனிவாழ்வுக்கான உரிமையை மீறியதெனத் தீர்ப்பளித்தது.