பட்டமளிப்பு விழா (ஐக்கிய அமெரிக்கப் பட்டமேற்படிப்பு)

பட்டமளிப்பு விழா ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கமென்ஸ்மென்ட் என்று அழைக்கப்படுகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இது மே மாதத்திலும், ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரித்து நடத்தும் பல்கலைக்கழகங்களில் சூன் மாதத்திலும் நடைபெறுகிறது. முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறுவோர் இவ்விழாவிற்குச் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் இளநிலை மாணவர்களின் ஆயத்தங்களினின்றும் வேறுபட்டவை. ஆய்வேட்டை உரிய நாளுக்குள் ஒப்படைத்தல், பட்டச் சான்றிதழில் இடம்பெற வேண்டிய பெயரை உறுதி செய்தல், அங்கியையும் ஹுட் எனப்படும் தொங்கல் துணியையும் பெறுதல், வெளிநாட்டு மாணவராயின் பெற்றோருக்கு விசா பெறுதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. இவற்றுட் சில, விழாவிற்குப் பல மாதங்களுக்கு முன்னரே தொடங்கப்பட வேண்டியவை.

பெயரும் தோற்றமும்

கமென்ஸ்மென்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தொடக்கம் என்பது பொருள். படிப்பின் முடிவில் நடக்கும் விழாவிற்குத் தொடக்கம் என்று பெயர் அமைந்தது முரணாகத் தோன்றலாம். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பட்டம் என்பது கற்பிப்பதற்கான உரிமையாக இருந்தது. பட்டம் பெற்றவர் அன்றே ஆசிரியர் குழாத்தில் ஒருவராகப் பணியைத் தொடங்கினார். அத்தொடக்கத்தின் பெயரே விழாவிற்கு நிலைத்துவிட்டது.

ஆர்வர்டில் முதல் பட்டமளிப்பு விழா 1642 ஆம் ஆண்டு நடைபெற்றது. அதில் 9 பேர் பட்டம் பெற்றனர். ஆய்வின் அடிப்படையிலான முனைவர் பட்டம் அமெரிக்காவிற்குப் பிந்தி வந்தது. யேல் 1861 இல் மூவருக்கு வழங்கியதே அந்நாட்டின் முதல் முனைவர் பட்டங்களாகும்.

பட்டமும் விழாவும்

பட்டமும் விழாவும் ஒன்றல்ல. பாடங்கள், ஆய்வேடு, கட்டணம் ஆகிய அனைத்தும் நிறைவுற்றதைப் பதிவாளர் அலுவலகம் சரிபார்த்த பின்னர், பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் ஒப்புதலுடன் குறிக்கப்பட்ட ஒரு நாளில் பட்டம் பதிவேட்டில் ஏறுகிறது. அந்நாள் விழா நாளாகவே இருக்கலாம். சில வாரங்கள் முன்னோ பின்னோ அமையவும் கூடும். விழாவிற்கு வராதவருக்குப் பட்டம் குறைவதில்லை. அதேபோல, மேடையேறி நடந்தமையால் மட்டும் எவரும் பட்டதாரி ஆவதில்லை. மேடையில் கையளிக்கப்படுவது பல இடங்களில் வெற்று உறையே. சான்றிதழ் சில வாரங்கள் கழித்து அஞ்சலில் வரும்.

இந்த வேறுபாட்டை அறியாமல் விழாவிற்குப் பதிவு செய்துவிட்டு, பட்டத்திற்கு விண்ணப்பிக்க மறந்துவிடும் மாணவர்கள் உளர். இவை இரண்டும் தனித்தனி விண்ணப்பங்கள். பட்டத்திற்கான விண்ணப்பத்தின் கடைசி நாள் பெரும்பாலும் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதைத் தவறவிட்டால் பட்டம் அடுத்த பருவத்திற்குத் தள்ளிப்போகக்கூடும். மாணவர் விசாவில் இருப்போருக்கும் விழா நாள் கணக்கில் வராது. அவர்கள் நாட்டில் தங்கும் காலமும், படிப்பிற்குப் பிந்திய பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கும் காலமும் படிப்பு முடிவு நாளைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது ஆபத்தானது.

ஆய்வேட்டை ஒப்படைத்தல்

முனைவர் பட்ட மாணவருக்கு விழாவிற்கான கடிகாரம் வாய்மொழித் தேர்விலிருந்து ஓடத் தொடங்குகிறது. தேர்வுக்குழு கேட்கும் திருத்தங்களை முடித்து, உறுப்பினர்களின் ஒப்பத்தைப் பெற்று, இறுதிப் படியைப் பட்டமேற்படிப்புப் பள்ளியிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கு ஆய்வின் தரம் மீண்டும் பார்க்கப்படுவதில்லை; பக்க ஓரம், பக்க எண், பொருளடக்கம், படங்களின் தலைப்பு ஆகியவையே சோதிக்கப்படுகின்றன. இடப்பக்க ஓரம் 1.5 அங்குலம் இருக்க வேண்டும் என்ற விதி, ஆய்வேடுகள் தாளில் அச்சிட்டுக் கட்டப்பட்ட காலத்தின் எச்சமாகும். மின்வடிவில் மட்டுமே ஆய்வேட்டைப் பெறும் சில பல்கலைக்கழகங்களிலும் இவ்விதி நெடுங்காலம் நீடித்தது. மின்வடிவ ஆய்வேட்டை முதன்முதலில் கட்டாயமாக்கியது வெர்ச்சீனியா டெக் பல்கலைக்கழகம் (1997).

பல ஆண்டுகள் செய்த ஆய்வு, ஓரம் பிழையாக இருப்பதால் கடைசி நாளில் திருப்பி அனுப்பப்படுவது அரிதன்று. எனவே பல பள்ளிகள் முன்கூட்டியே வடிவச் சோதனைக்கு வாய்ப்பளிக்கின்றன. கடைசி நாளைத் தவறவிட்டவர் பல பல்கலைக்கழகங்களில் அடுத்த பருவத்திற்கும் பதிவு செய்து கட்டணம் செலுத்த நேரிடுகிறது. முதுநிலை மாணவர்களுக்குச் சற்றுத் தளர்வு உண்டு; கோடையில் முடிக்கவிருப்போரையும் மே மாத விழாவில் நடக்கப் பலவிடங்களில் அனுமதிக்கின்றனர். முனைவர் பட்டத்திற்கான ஹுட் அணிவிப்பில், ஆய்வேட்டை ஒப்படைத்திருக்க வேண்டும் என்பதைப் பல பல்கலைக்கழகங்கள் கண்டிப்பாகப் பின்பற்றுகின்றன.

பெயர்

சான்றிதழில் அச்சிடப்படும் பெயரும் மேடையில் வாசிக்கப்படும் பெயரும் வெவ்வேறு படிவங்களில் கேட்கப்படுகின்றன. தமிழ் மாணவர்களுக்கு இவ்விரண்டிலும் தனித்த இடர்கள் உள்ளன.

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் பரவலாக இல்லை. தந்தை பெயரின் தலைப்பெழுத்தே பெயருக்கு முன் நிற்கிறது. அமெரிக்கப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டையும் கேட்பதால், தலைப்பெழுத்து விரிக்கப்பட்டுத் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகிறது. ந. செந்தில்குமார் என்பவர் செந்தில்குமார் நடராஜன் ஆகிறார். பேராசிரியர் மேடையில் முனைவர் நடராஜன் என்று அழைக்கும்போது, அரங்கில் அமர்ந்திருக்கும் தந்தை தம் பெயரைக் கேட்டு நிமிர்ந்து பார்க்க நேர்வதும் உண்டு.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால் சிக்கல் கூடுகிறது. அமெரிக்க விசாவில் அவரது ஒரே பெயர் குடும்பப் பெயராகவும், முதற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தும் இடப்படுகின்றன. அது பல்கலைக்கழகப் பதிவேட்டிலும் ஏறி, திருத்தப்படாவிடில் சான்றிதழ் வரை வந்துவிடும். இதைச் சரிசெய்ய வேண்டிய காலம் பட்டத்திற்கு விண்ணப்பிக்கும் காலமே. அச்சான பிறகு திருத்துவதற்குக் கட்டணமும் பல வாரக் காத்திருப்பும் தேவைப்படும்.

பல பல்கலைக்கழகங்கள் விரும்பிய வடிவில் பெயரை அச்சிட்டுத் தருகின்றன. ஆயினும் கடவுச்சீட்டில் உள்ளவாறே அச்சிடுவித்தல் வெளிநாட்டு மாணவருக்குப் பாதுகாப்பானது. சான்றிதழை வேறு நாட்டில் பயன்படுத்த அப்போஸ்டில் என்னும் சான்றுறுதி தேவைப்படலாம். 1961 ஆம் ஆண்டின் ஏகு உடன்படிக்கையின்படி வழங்கப்படும் இவ்வுறுதி, இந்தியா அவ்வுடன்படிக்கையில் இணைந்த 2005 முதல் இரு நாடுகளுக்கிடையே செல்லுபடியாகிறது. அமெரிக்காவில் இதைப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள மாநிலத்தின் அரசு வழங்குகிறது. இந்தியாவில் கல்விப் பணிகளில் சேர இணைத்தன்மைச் சான்று கேட்கப்படுவதுண்டு. இதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நெடுங்காலம் வழங்கி வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2025 இல் இது தொடர்பாகப் புதிய விதிமுறைகளை வெளியிட்டது. இவ்விடங்களிலெல்லாம் பெயர் ஓரெழுத்து மாறினாலும் விளக்கம் அளிக்க வேண்டியிருக்கும்.

மேடையில் பெயரை வாசிப்பவருக்கு ஒலிப்பைக் குறித்துக் கொடுக்க ஒரு சிற்றட்டை வழங்கப்படுகிறது. சில பல்கலைக்கழகங்கள் மாணவரின் குரலிலேயே பெயரைப் பதிவு செய்து பெற்றுக்கொள்கின்றன. ழகரத்தை எழுதிக் காட்டுவதால் பயன் சிறிதே; நீண்ட பெயரை அசை அசையாகப் பிரித்தெழுதுவது பெரிதும் உதவும்.

அங்கியும் ஹுட்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அங்கிகள் பெரும்பாலும் ஒரே விதித்தொகுப்பைப் பின்பற்றுகின்றன. இங்கிலாந்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கெனத் தனி அங்கி வைத்திருப்பதிலிருந்து இது வேறுபட்டது. ஆல்பனி நகரைச் சேர்ந்த கார்ட்னர் காட்ரெல் லியோனார்டு 1887 இல் வில்லியம்சு கல்லூரியில் தம் வகுப்பிற்கு அங்கிகளை வடிவமைத்தார். பின்னர் அவரது ஆலோசனையுடன் 1895 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கூடிய கல்வியாளர்கள் பொது விதிகளை வகுத்தனர். அமெரிக்கக் கல்விக் கழகம் 1930களில் இவற்றைத் திருத்திப் பேணத் தொடங்கியது.

இவ்விதிகளின்படி உடையைக் கொண்டே ஒருவரின் பட்டத்தை அறியலாம். இளநிலை அங்கியின் கை கூராக முடியும். முதுநிலை அங்கியின் கை மணிக்கட்டில் திறந்து, பின்புறம் நீண்டு தொங்கும்; தொங்கும் பகுதியின் அடி மூடப்பட்டிருப்பதால் மாணவர்கள் அதைக் கைப்பேசியும் சாவியும் வைக்கும் பையாகப் பயன்படுத்துகின்றனர். முனைவர் அங்கியின் கை மணிவடிவில் அகன்று, மூன்று வெல்வெட்டுப் பட்டைகளைக் கொண்டிருக்கும். முன்புறத்திலும் வெல்வெட்டு ஓடும். நிறம் பெரும்பாலும் கறுப்பு. ஆர்வர்டின் முனைவர் அங்கி கருஞ்சிவப்பு, யேலினுடையது நீலம்.

ஹுட் என்பது இடைக்காலத் துறவியரின் தலைமூடியிலிருந்து வந்தது. இப்போது தலையை மூடுவதில்லை. கழுத்தில் மாட்டப்பட்டு முதுகில் தொங்குகிறது. இதன் நீளம் இளநிலைக்கு 3 அடி, முதுநிலைக்கு 3.5 அடி, முனைவருக்கு 4 அடி. வெல்வெட்டு விளிம்பின் அகலம் முறையே 2, 3, 5 அங்குலம். உட்புறப் பட்டு பல்கலைக்கழகத்தின் நிறங்களையும், வெல்வெட்டு துறையின் நிறத்தையும் காட்டும். மருத்துவத்திற்குப் பச்சை, சட்டத்திற்கு ஊதா, பொறியியலுக்குச் செம்மஞ்சள், அறிவியலுக்குப் பொன்மஞ்சள், கலைக்கு வெள்ளை, இசைக்கு இளஞ்சிவப்பு, கல்வியியலுக்கு வெளிர்நீலம், இறையியலுக்குச் செக்கச்சிவப்பு. தத்துவ முனைவர் என்னும் பிஎச்.டி. பட்டத்திற்கு எத்துறையாயினும் கருநீலமே. இதனால் வேதியியலில் முனைவரானவரும் வரலாற்றில் முனைவரானவரும் ஒரே நிறம் அணிகின்றனர். பொறியியலில் எம்.எஸ். பெறுபவருக்குச் செம்மஞ்சளா பொன்மஞ்சளா என்பதில் பல்கலைக்கழகங்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை.

அங்கியை வாடகைக்கும் விலைக்கும் பெறலாம். முதுநிலை அங்கி மலிவானது. தைத்து வாங்கும் முனைவர் உடைத் தொகுதி பல நூறு டாலர்கள் ஆகும், சிலவற்றில் ஆயிரத்தையும் கடக்கும். உயரம், எடை, தலையின் சுற்றளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஓரிரு மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்தல் நன்று. பேராசிரியராக விரும்புவோர் ஆண்டுதோறும் அணிய வேண்டியிருப்பதால் வாங்குவதுண்டு. ஏனையோருக்கு வாடகையே போதுமானது. உறையில் மடிந்து வரும் அங்கியைச் சில நாட்கள் முன்னரே தொங்கவிட்டு நீராவியால் சுருக்கம் நீக்க வேண்டும். செயற்கை இழைத் துணி சூடான இசுதிரிப் பெட்டி பட்டால் பளபளப்பேறிவிடும்.

ஹுட்டின் முன்புறக் கண்ணி சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கானது. சேலையோ பொத்தானற்ற உடையோ அணிபவர் ஊக்கு ஒன்றை மறவாமல் வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் ஹுட் பின்னோக்கி இழுத்துக் கழுத்தை இறுக்கும்.

பெற்றோர் வருகை

தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோர் பொதுவாகச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பி-2 வகை விசாவிற்கு விண்ணப்பிக்கின்றனர். பல்கலைக்கழகம் தரும் அழைப்புக் கடிதம் விழா நாளையும் மாணவரின் நிலையையும் காட்ட உதவும். ஆனால் அது கட்டாயமும் அன்று, விசாவிற்கு உறுதியும் அன்று. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் குடியேறும் நோக்கமுடையவர் என்ற ஊகத்திலிருந்தே தொடங்குகிறது. திரும்பி வருவதற்கான காரணங்களைக் காட்டி அதை மாற்றும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. நேர்காணல் சில நிமிடங்களே நீடிப்பதால், பிள்ளை என்ன படித்தார், விழா என்று, எத்தனை நாள் தங்குவோம் என்பவற்றைப் பெற்றோர் தம் சொற்களிலேயே கூறப் பழகியிருப்பது நல்லது. சென்னையில் நேர்காணலைத் தமிழிலும் அளிக்கலாம்.

நேர்காணலுக்கான காத்திருப்பு ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடும். 2022 இல் இந்தியாவில் முதன்முறை விண்ணப்பிப்போருக்கு இது ஓராண்டைத் தாண்டியது. ஆய்வேடு முடியும் நாளையே அறியாத மாணவர், அதற்கும் ஓராண்டு முன்னரே பெற்றோருக்கு நாள் குறிக்க வேண்டிய நிலை அப்போது ஏற்பட்டது. விசா பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு வழங்கப்படுவதால், ஆய்வின் நடுவிலேயே பெற்றுவைப்போரும் உண்டு.

விழா நாள்

பெரிய பல்கலைக்கழகங்களில் பொது விழாவில் பெயர்கள் வாசிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு பள்ளியின் மாணவர்களும் ஒருங்கே எழுந்து நிற்க, தலைவர் அனைவருக்கும் ஒருமிக்கப் பட்டம் வழங்கியதாக அறிவிப்பார். பெயர் சொல்லி அழைப்பது துறை அல்லது பள்ளியின் தனி விழாவிலும், முனைவர்களுக்கான ஹுட் அணிவிப்பு விழாவிலுமே. பெற்றோர் ஒரு விழாவிற்கு மட்டும் வர இயலுமாயின் அவர்களை அழைக்க வேண்டியது இதற்கே.

முனைவராகவிருப்பவர் ஹுட்டை மடித்து இடக்கையில் ஏந்தி வருவார். பெயர் அழைக்கப்பட்டதும் மேடையேறி அவையை நோக்கி நிற்க, நெறியாளர் பின்னின்று அதைத் தலைவழியே அணிவிப்பார். பொன்னாடை போர்த்துவதை ஒத்த செயல் இது. ஆனால் போர்த்துபவர் பல ஆண்டுகள் உடனிருந்து வழிநடத்தியவர். உயரமான மாணவர் முழங்காலைச் சற்று மடக்க வேண்டும். தொப்பியில் ஹுட் சிக்குவது வழக்கமான நிகழ்வாதலால் சில இடங்களில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிக்குமாறு கூறுகின்றனர்.

தொப்பியின் குஞ்சத்தைப் பட்டம் பெற்றதும் வலமிருந்து இடமாக மாற்றுவது இளநிலை மாணவர்களின் வழக்கம். பட்டமேற்படிப்பு மாணவர்கள் பொதுவாகத் தொடக்கம் முதலே இடப்புறம் அணிகின்றனர். பொது விதிகளில் இதற்குக் கண்டிப்பான வரையறை இல்லை.

ஊர்வலத்தில் பரவலாக இசைக்கப்படுவது ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்டு எல்கர் 1901 இல் அமைத்த அணிநடை இசையின் ஒரு பகுதி. 1905 இல் யேல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியபோது அங்கு இசைக்கப்பட்டது. பின்னர் மற்றப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்றன.

நடைபெறாத விழாக்கள்

2020 இல் கொரோனாப் பெருந்தொற்றினால் ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களும் நேரடி விழாவைக் கைவிட்டு, இணையவழி நிகழ்ச்சியுடன் நிறுத்திக்கொண்டன. பட்டங்கள் வழங்கப்பட்டன. ஆர்வர்டு 2020, 2021 ஆண்டுகளின் மாணவர்களுக்காக 2022 மே மாதத்தில் தனி விழா நடத்தியது. 2024 இல் காசாப் போரை எதிர்த்து வளாகங்களில் போராட்டங்கள் நடந்தபோது கொலம்பியா பல்கலைக்கழகமும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் தங்கள் பொது விழாவை விலக்கிக்கொண்டன. விழாவிற்குச் சில நாட்களோ வாரங்களோ இருக்கையில் வந்த இவ்வறிவிப்புகளுக்குப் பின்னரும் இரு பல்கலைக்கழகங்களிலும் பள்ளிவாரியான சிறு விழாக்கள் நடைபெற்றன.